என் கிட்னி வாங்கிய மார்க்

மூன்று வாரத்துக்கு முன்னால் கண் ஆபரேஷன் செய்துகொள்ள தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். கிட்னி ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து இறங்கினேன்.

நடுவில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை நிறையப் பேரை வாரியிருக்கிறேன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை, காரிமங்கலம் சந்தையில் எனக்கு மட்டும் சொத்தைக் கத்தரிக்காய் போடும் அம்மாளை, என் மனைவி சரோஜாவை — பல முறை. இந்த வாரம் வாரப்படப் போகிறவர் ஒருவர்தான். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். வயது அறுபத்துமூன்று. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன், யோக்கியர் மாதிரிதான் தெரிகிறார். வலது கண்ணில் புரை இருப்பதால் அப்படித் தெரியலாம்.

அந்தப் புரையில்தான் ஆரம்பித்தது. எதிரே வருவது யாரென்று தெரியாமல் தெருவில் வருகிற எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். 'ரிட்டயர் ஆனதும் வாத்தியாருக்குப் பணிவு வந்துடுச்சு' என்று ஊரில் பேச்சு. கரண்ட் கம்பத்துக்கும் கும்பிடு போட்ட அன்றைக்குச் சரோஜா முடிவு செய்துவிட்டாள். ஆபரேஷன்.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் முதலில் கண்ணைப் பார்ப்பார் என்று நினைத்தேன். கையைப் பிடித்தார். பட்டையைச் சுற்றினார். மெஷின் உறுமியது. 190/110.

நான் அவரைச் சமாதானப்படுத்தினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், படி ஏறி வந்தேன், அதனால் இருக்கும் என்றேன். அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மறுபடியும் பார்த்தார். 196/112.

ரெஸ்ட் எடுத்ததும் பி.பி. கூடுகிற மனிதனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டினார்கள். மத்தியானம் ரிசல்ட் வந்தது. யூரினில் புரதம், பக்கத்தில் மூன்று ப்ளஸ் குறி. கணக்கு வாத்தியார் இல்லையா... ப்ளஸ்ஸைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். மூன்று ப்ளஸ் என்றதும் கிட்டத்தட்ட சிரித்தேவிட்டேன். கீழே கிரியேட்டினின் 2.1 என்று இருந்தது. டெசிமல்தானே, சின்ன நம்பர்தானே என்று அதையும் விட்டுவிட்டேன்.

அங்கிருந்த டாக்டர் சிரிக்கவில்லை. கண் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் கிட்னியைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கே அனுப்பிவிட்டார்.

கிட்னியா? எனக்கா? ஒரு நாள் முதுகு வலித்ததில்லை. ஒரு நாள் எரிச்சல் இல்லை. கிட்னி கெட்டால் ஒரு வார்த்தை சொல்லாதா?

சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

ஆறு மாதமாக பாத்ரூமில் போனால் நுரை. பியர் ஊற்றியது மாதிரி. கழுவ என்ன பவுடர் போடுகிறாய், இவ்வளவு நுரைக்கிறதே என்று சரோஜாவைத் திட்டி இரண்டு பிராண்டு மாற்ற வைத்தேன். அப்புறம் செருப்பு. சாயங்காலம் ஆனால் பட்டை காலை இறுக்கியது. தோல் சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொண்டு வந்தேன். அறுபது தாண்டியும் வளர்கிறேன் பார் என்று சரோஜாவிடம் பெருமை வேறு.

செருப்பு சுருங்கவில்லை. கால் வீங்கியிருந்தது. நுரைத்தது பவுடர் அல்ல. நான்.

சரி, பி.பி. எனக்குப் புதுசா? இல்லை. நாலு வருஷமாக இருக்கிறது. மாத்திரையும் வீடு தேடி வருகிறது. கொண்டு வருகிறவர் தனலட்சுமி.

தனலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். அரசாங்கத்திலிருந்து வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாதா மாதம் மாத்திரை கொடுக்கும் வேலை. வேலை நிரந்தரமில்லை. ஆனால் ஒரு மாதம் தவறியதில்லை. எங்கள் ஊரும் சுற்றியிருக்கிற நாலு கொட்டாயும் அவர் லைன். கொட்டாய் என்றால் எங்கள் பக்கம் தோட்டத்துக்கு நடுவே நாலைந்து வீடுகள். மழை பெய்தால் வண்டி போகாது. ஓரமாக நிறுத்திவிட்டு, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் மாத்திரைப் பையோடு நடந்து போவார். பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு நல்ல பழக்கம். எனக்கு அது வசதியான பழக்கம். வருவதற்கு ஐந்து நாள் முன்னால் எல்லோருக்கும் போன் செய்து தேதி சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து ஆள் இல்லையென்றால் ஒரு நடை வீண் இல்லையா?

அந்த போன்தான் எனக்குத் தேர்வு அட்டவணை.

போன் வந்த மறுநாள் காலையில் என் படிப்பு ஆரம்பிக்கும். முதல் நாள் ஒரு மாத்திரை. ஊறுகாய் கட். இரண்டாம் நாள் ஒரு மாத்திரை. அப்பளம், கருவாடு கட். ஐந்தாம் நாள் தனலட்சுமி வரும்போது நான் புத்தன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். 130/80. அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்கென்று ஒரு சின்ன நோட்டு. அதில் எழுதுவார். கையெழுத்து வாங்குவார். முப்பது மாத்திரை கொடுப்பார். அவர் வண்டி தெருமுனை திரும்பும்... நான் ஊறுகாய் ஜாடியைத் திறப்பேன்.

அடுத்த இருபத்தைந்து நாள் லீவு.

முப்பத்திரண்டு வருஷம் அரூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவன் நான். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் தொடுகிறவர்களை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். 'என்னை ஏமாத்தல, உன்னையே ஏமாத்திக்கற' என்று வருஷத்துக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு அந்த வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன் போல.

தினமும் சாப்பிட்டால் என்ன கேடு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வரும். நடுநடுவே மருத்துவம் வரும். அதில் ஒரு நாள் சிவப்பு எழுத்தில் வந்தது — பி.பி. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்!

கிட்னியைக் காப்பாற்றத்தான் ஐயா மாத்திரையை நிறுத்தினேன். சிரிக்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மார்க். தனலட்சுமி என் நோட்டை மற்ற வீடுகளில் காட்ட ஆரம்பித்துவிட்டார். வாத்தியாரைப் பாருங்க, நாலு வருஷமா ஒரே மாதிரி வெச்சிருக்காரு என்று. ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்துப் பழகியவனுக்கு அதை விட மனசு வருமா? அது மட்டுமா... எங்கள் வீட்டுக்கு அடுத்த தோட்டத்துக்காரர் முனுசாமி, தக்காளி போடுகிறவர், காலையில் என்னோடு நடக்கிறவர், தன் நோட்டில் எப்போதும் 160 என்று வருத்தப்பட்டார். நான் என் ஐந்து நாள் திட்டத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இலவச டியூஷன். அடுத்த மாதமே அவரும் 130. மாணவன் தேறினால் ஆசிரியருக்கு எவ்வளவு பெருமை!

இந்தப் பெருமைகளோடுதான் மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருக்கிற டாக்டரம்மா சேலத்துக்காரர். வயது குறைவு, பேச்சும் குறைவு. அவர் மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். இன்னொன்று என் நோட்டு. இதைப் பார்ப்பார். அதைப் பார்ப்பார். மறுபடி இதைப் பார்ப்பார். திருத்துகிற வாத்தியாருக்கு இரண்டு விடைத்தாளில் ஒரே எழுத்துப்பிழை கிடைத்தால் இப்படித்தான் பார்ப்பார். எனக்குத் தெரியும்.

பி.பி. இவ்வளவு ஒழுங்காக இருந்தால் கிட்னி இப்படி ஆகாது என்றார். இது பல வருஷம் ரத்த அழுத்தம் அடித்த அடி. அப்படியென்றால் இந்த இரண்டு தாளில் ஒன்று பொய்.

நான் தலையாட்டினேன். நல்ல லாஜிக் என்று பட்டது.

"தனலட்சுமியக் கூப்பிடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எந்தத் தாளைப் பொய் என்று நினைக்கிறார் என்று.

தனலட்சுமி வந்தார். கையில் அன்றைக்கு லைனுக்குப் போக எடுத்து வைத்த மாத்திரைப் பை. டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். 130/80, 128/82, 130/80... எந்த மனுஷனுக்கும் நாலு வருஷம் இப்படி வராது. வீட்டுக்குப் போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியதா என்று கேட்டார். போன மாதம் பக்கத்து ஏரியாவில் ஒருவர் அப்படி எழுதி, வேலையை விட்டே எடுத்துவிட்டார்களாம்.

தனலட்சுமியின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் உடையவில்லை. வீட்டுக்குப் போனேன், மெஷின் காட்டியதை எழுதினேன் என்று மட்டும் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நான் உங்க வூட்டுக்கு வந்தேன் இல்லீங்களா சார்?"

வாசகர்களே, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். தெரியும். நான் என்ன செய்தேன்? "வந்தாங்க, வந்தாங்க" என்றேன். நான் சொன்ன அந்த 'வந்தாங்க' எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கம் பக்கத்துக்காரருக்குப் பரிந்து பேசுகிற வயசான மனுஷன் என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவேளை மெஷினில் கோளாறு இருக்கலாமே என்று நானே எடுத்துக் கொடுத்தேன் வேறு. மெஷினுக்கு வாய் இல்லை பாருங்கள்.

மெஷினை வாங்கி வைத்தார்கள். தனலட்சுமியின் லைனில் இருக்கிற எல்லோரையும் மறுபடி வரவழைத்து பி.பி. பார்த்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வரை அவர் வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று உத்தரவு. எனக்குப் புது மாத்திரை எழுதி, கிட்னி எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல மறுநாள் வரச் சொன்னார் டாக்டரம்மா.

வெளியே வந்தபோது தனலட்சுமி வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, ஒவ்வொரு வீடாக போன் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வாரம் வர முடியாது, நீங்களே வந்து மாத்திரை வாங்கிக்கோங்க என்று. யாரோ எதிர்முனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டி ரிப்பேர் என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான்தான் அவரைப் பொய் சொல்ல வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் பாதிக் கதையைச் சொன்னேன். எனக்குச் சாதகமான பாதி. கிட்னி என்றதும் அவள் கண் கலங்கியது. தனலட்சுமி விஷயம் சொன்னதும் கலக்கம் நின்றுவிட்டது. கைவேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் புள்ள பொய்க்கணக்கு எழுதுகிற ஆள் இல்லை, மெஷினும் கெட்டிருக்காது, போன வாரம் தனக்குப் பார்த்தது சரியாகத்தானே இருந்தது என்றாள். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றவள். ஆனால் இரண்டையும் கழித்தால் மிச்சம் யார் என்று அவளுக்கு வந்துவிட்டது.

நான் எழுந்து போய் பரணிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை இறக்கினேன். அதன் மேல் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்: 'அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள். தொட வேண்டாம்.' நாலு வருஷமாக அவள் தொட்டதில்லை. ஒட்டடை அடிக்கும்போதுகூடப் பையைச் சுற்றித்தான் அடிப்பாள்.

கட்டிலில் கொட்டினேன். பட்டை பட்டையாக மாத்திரை. மாதம் முப்பது. தின்றது ஆறு — ஐந்து நாளும் ஒவ்வொன்று, தனலட்சுமி வந்த அன்றைக்கு நன்றிக்கடனாக இன்னொன்று. மிச்சம் இருபத்து நாலு. நாற்பத்தெட்டு மாதம். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. கணக்கில் நான் எப்போதும் சரிதான்.

சரோஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன், முப்பத்தைந்து வருஷப் பயிற்சி. அவள் மெதுவாக ஒன்று கேட்டாள்.

"தெனமும் காலைல மாத்திரைக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி வெச்சேனே... அதை என்னங்க பண்ணுனீங்க?"

"கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன்."

பின்பக்கம் திரும்பி அந்தச் செடியைப் பார்த்தாள். தளதளவென்று ஆளுயரத்துக்கு நின்றது. இந்த வறண்ட பூமியில் நம் வீட்டுக் கறிவேப்பிலை மட்டும் எப்படி இப்படி வருகிறது என்று அவளும்தான் நாலு வருஷமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொடுத்திருக்கிறோம்.

"நாளைக்கு அந்தப் பையை எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்க போகலீன்னா நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

இரண்டில் எது கேவலம் என்று யோசித்தேன். நானே போனேன்.

டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக வந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் தனலட்சுமி லைன் ஆட்கள் எல்லோரையும் மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன நாள் அது. வராந்தா நிறையக் கூட்டம். கதவு திறந்தே கிடந்தது. தனியாகப் பேச வேண்டும் என்றேன். இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இங்கேயே சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

பையைக் கவிழ்த்தேன்.

மேஜை கொள்ளவில்லை. பட்டைகள் வழுக்கி வழுக்கித் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. அந்தச் சரசர சத்தத்துக்கு வராந்தாவே எட்டிப் பார்த்தது.

மெஷினில் தப்பில்லை, அந்தம்மா எழுதியதில் தப்பில்லை, மாசத்தில் ஐந்து நாள் மட்டும் நான் யோக்கியன், அந்த ஐந்து நாளில் ஒரு நாள்தான் அவர் வருவார் என்று சொன்னேன். ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

டாக்டரம்மா தனலட்சுமியைக் கூப்பிட்டார். அவர் வாசலிலேயே நின்று மேஜையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு பட்டையாகப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கும்போதே தேதி பார்த்து, பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் என்று அடுக்கினார். கை அந்த வேலைக்குப் பழகிப்போன கை. கடைசிப் பட்டையை அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இத்தனையும் நான் தூக்கிக்கிட்டு வந்ததுங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார்.

அப்போது வராந்தாவின் கடைசியிலிருந்து ஒரு குரல். முனுசாமி.

"ஒரு எட்டு வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேனுங்க மேடம். என்கிட்டயும் ஒரு பை இருக்குதுங்க. வாத்தியாரு சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் எழுந்ததும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவர்களுக்கு நான் டியூஷன் எடுக்கவில்லை. சொந்த முயற்சி. ஊரில் கெட்டிக்காரன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்... அந்தப் பெருமையும் போயிற்று.

டாக்டரம்மா என் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். கிட்னிக்குள்ளே ரத்தத்தை வடிகட்ட நூல் மாதிரி லட்சக்கணக்கான சல்லடைகள். அழுத்தம் அதிகமானால் அந்த நூலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, தழும்பாகி, அடைத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற சல்லடையில் ஓட்டை பெரிதாகி, உடம்புக்கு வேண்டிய புரதம் வெளியே போகும். அதுதான் நுரை. வலிக்காது. அதுதான் வில்லங்கமே. நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். பையோடு திரும்பி வந்திருந்த முனுசாமி, கதவோரம் நின்றபடி, தக்காளித் தோட்டத்துப் பாஷைக்கு மாற்றினார்.

"ஏங்க மேடம், சொட்டுநீர்ப் பாசனத்துல வால்வைத் திருகாம மோட்டாரை முழுசா எடுத்துவுட்டா, உள்ள இருக்கற குழாயெல்லாம் பிச்சுக்குமே... மேல ஒண்ணும் தெரியாது, செடி வாடுனப்புறந்தான் தெரியும். அந்த மாதிரிங்களா?"

அதேதான் என்றார் டாக்டரம்மா. மாத்திரைதான் அந்த வால்வு. மாத்திரையால் கிட்னி போகும் என்று படித்தேனே என்றேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் கணக்குப் போட்டார். வயது, கிரியேட்டினின் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு எண் வருமாம். தாளில் எழுதி வட்டம் போட்டார்.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு சார். ஏறக்குறைய."

"பாஸ்தானுங்களே மேடம்?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. என்ன செய்ய, வாழ்க்கை பூரா அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தா கொல்லென்று சிரித்தது. தனலட்சுமிகூடப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"போன அறுபத்தஞ்சு திரும்பி வராதுங்க சார். மறுகூட்டல் எல்லாம் கெடையாது. இருக்கற முப்பத்தஞ்சைக் காப்பாத்தலாம். தெனமும் மாத்திரை, உப்பைக் குறைங்க, சொல்ற தேதிக்கு டெஸ்ட்டு. காப்பாத்தலீன்னா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் தர்மபுரில டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் உங்க பத்தியை எழுதணும்."

அவர் என் பத்தியைப் படிக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷப்பட வேண்டிய நேரமா அது?

எத்தனை நூறு பேப்பரில் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் வந்து நின்று, ஒரு மார்க் போடுங்க சார் என்பார்கள். பாவமாக இருந்தால் எங்காவது ஒரு படியில் ஒரு மார்க் தேடிப் போடுவேன். இப்போது நான் யார் வாசலில் போய் நிற்பது? கிட்னி கறாரான வாத்தியார். சிபாரிசு எடுபடாது. நாலு வருஷம் நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அது உட்கார்ந்து திருத்தியிருக்கிறது, சிவப்பு மை தெரியாமல்.

மற்றது சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தனலட்சுமியின் மெஷினை டாக்டரம்மா தன் கையிலேயே சுற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுநாளே தனலட்சுமி லைனுக்குப் போய்விட்டார். ரிஜிஸ்டரில் அவர் பெயருக்குக் கீழே எழுதியிருந்த குறிப்பை டாக்டரம்மா அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டதை என் ஒரு கண்ணால் நானே பார்த்தேன். முனுசாமிக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவர் கிட்னி நார்மல். என் திட்டத்தில் சேர்ந்து நாலு மாதம்தானே ஆகிறது. ரிசல்ட் வரும் வரை எனக்கு இருந்த பயம் என் ரிசல்ட்டுக்குக்கூட இல்லை. நடக்கும்போது இப்போது என்னைவிட இரண்டடி முன்னால் நடக்கிறார். மாணவன் செண்டம், வாத்தியார் ஜஸ்ட் பாஸ்.

பழைய பட்டைகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விட்டுப் போனதைச் சேர்த்துத் தின்றால் என்ன என்று ஒரு யோசனை எனக்கு வந்தது. சொன்னதும் தனலட்சுமி பையைக் கையோடு பிடுங்கிக்கொண்டார். உங்களில் யாருக்காவது அதே யோசனை வந்திருந்தால், வேண்டாம்.

ஊரில் எனக்குக் கொஞ்சம் பேர் கெட்டிருக்கிறது. காரணம், இனிமேல் வீடுகளுக்குப் போகும் முன் யாருக்கும் போன் செய்ய வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எல்லாருக்கும் சர்ப்ரைஸ் டெஸ்ட். வாத்தியார் பண்ணுன வேலைங்க என்று கொட்டாய் கொட்டாயாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். நிறையப் பேர் வீட்டில் பரண் சுத்தமாகிறது.

இன்று காலை. மல்கோவா காய் ஒன்றைக் கீறி, உப்பு மிளகாய்த்தூள் — உப்பு நிஜமாகவே ஒரு சிட்டிகைதான் — தொட்டு வாயருகே கொண்டுபோகிறேன். வாசலில் வண்டி சத்தம்.

தனலட்சுமி. பை, மெஷின், நோட்டு.

மாங்காயைப் பார்த்தார். பட்டையைச் சுற்றினார். மெஷின் உறுமி முடித்தது. 148/92. நான் வழக்கமான பேரத்தை ஆரம்பித்தேன். இப்போதுதான் எழுந்து வந்தேன், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா என்று. அவர் அதற்குள் எழுதிவிட்டிருந்தார்.

"வேணாங்க சார். இதுதான் உங்களுது."

நாலு வருஷ நோட்டில் என் சொந்த மார்க் அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டேன். சரோஜா தண்ணீர் டம்ளரோடு வந்தாள். இருவரும் எதிரில் நிற்க, மாத்திரையைப் போட்டு, தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். தனலட்சுமி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது மாங்காய்த் தட்டையும் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரமாக ஒரு நாள் தவறாமல் சரோஜா முன்னால் இப்படித்தான் டம்ளர் கவிழ்கிறது. கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு சரியாக இருக்கிறது. கண் ஆபரேஷனுக்கும் தேதி கொடுப்பார்களாம்.

கறிவேப்பிலைச் செடிதான் கொஞ்சம் வாட ஆரம்பித்திருக்கிறது.